வீட்டு கேம் சர்வருக்குச் சொந்த டொமைன்: ஐபி எண்ணைப் போட்டால் இணைகிறது, பெயரைப் போட்டால் இணையவில்லை

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். கோவையில் எங்கள் வீட்டு மாடியறையில், பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் என்ற இயங்குதளத்தை நிறுவி, நண்பர்களுக்காகவும் உறவுப் பிள்ளைகளுக்காகவும் சில கேம் சர்வர்களை ஓட்டிவருகிறேன். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. உயிர்பிழைத்து விளையாடும் சர்வைவல் 25565 போர்ட்டிலும், பறந்தபடி விரும்பியதைக் கட்டும் கிரியேட்டிவ் 25566 போர்ட்டிலும் இயங்குகின்றன (போர்ட் என்பது ஒரே கணினியில் ஓடும் சர்வர்களைப் பிரித்துக்காட்டும் வாசல் எண்). கைபேசியில் பெட்ராக் பதிப்பு விளையாடும் சித்தப்பா பிள்ளைகளுக்காக சர்வைவல் உலகத்தில் கெய்சர் ப்ளக்இன் போட்டிருக்கிறேன். வார இறுதியில் மட்டும் ஓடும் வால்ஹைம் சர்வர் ஒன்றும் உண்டு.

ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்ததும் வீட்டு ஐபி முகவரி மாறிவிடுவதால், வாட்ஸ்அப் குழுவில் புதிய எண்ணைப் போடுவதே என் வேலையாகிவிட்டது. எனவே சென்ற வாரம் ஒரு டொமைன் வாங்கினேன். உண்மைப் பெயரைத் தவிர்த்து, இங்கே அதைக் களம்.இன் என்று வைத்துக்கொள்கிறேன். நேம்சர்வரை (அந்தப் பெயருக்கான விடைகளைத் தரும் சர்வரை) கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவைக்கு மாற்றி, ஓர் ஏ பதிவில் என் ஐபியை எழுதினேன். வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வர் கணினிக்கு அனுப்ப, ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் முன்பே செய்திருக்கிறேன்.

இப்போதைய நிலை இதுதான். நண்பர் தம் வீட்டிலிருந்து ஐபி எண்ணைப் போட்டால் உள்ளே வருகிறார், களம்.இன் என்று போட்டால், வெகுநேரம் காத்திருந்து, இணைப்பு நேரம் கடந்துவிட்டது என்ற செய்தியே அவருக்கு வருகிறது. என் வீட்டுக்குள்ளிருந்து நான் போட்டால் பெயரும் வேலை செய்வதில்லை, வெளி ஐபியும் வேலை செய்வதில்லை, 192.168.1.50 என்ற உள் முகவரி மட்டுமே இணைகிறது. ஏ பதிவில் 25566 என்று போர்ட்டையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். பிழை காட்டி ஏற்க மறுத்துவிட்டது. போர்ட் எண் எதையும் நினைவில் வைக்காமல், ஒவ்வோர் உலகத்துக்கும் ஒரு பெயர் என்று கொடுக்க வழியிருக்கிறதா? எங்கே தவறு செய்கிறேன் என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கம்பிவலை எழுதியது:

நீங்கள் ஒரே சிக்கல் என்று நினைப்பது உண்மையில் நான்கு தனித்தனிச் சிக்கல்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் அமைப்பு) பக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டேயிருந்தால் விடியும்வரை அதையே செய்துகொண்டிருப்பீர்கள். ஏ பதிவு செய்வது ஒரே வேலைதான்: பெயரைக் கேட்டவருக்கு ஐபி எண்ணைச் சொல்லும். அதற்கு எந்தப் போர்ட் என்று தெரியாது. ரூட்டர் திறந்திருக்கிறதா என்பதும் தெரியாது. தெருப்பெயரைச் சொல்பவரிடம் வீட்டுச் சாவியை எதிர்பார்க்க முடியாதல்லவா.

முதலில், நண்பருக்கு ஏன் இணையவில்லை என்பது. கிளவுட்ஃபிளேரில் ஏ பதிவை உருவாக்கும்போது ப்ராக்ஸி, அதாவது போக்குவரத்தை நடுவில் வாங்கிக் கடத்தும் இடையாள், தானாகவே இயங்கும் நிலையில் இருக்கும். பதிவுக்கு அருகில் ஆரஞ்சு நிற மேகம் தெரியும். உறுதிப்படுத்த, கணினியின் கட்டளைத் திரையில் என்எஸ்லுக்அப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் டொமைன் பெயரை எழுதி என்டர் அழுத்துங்கள். வரும் விடையில் உங்கள் ரூட்டரின் வெளி முகவரி இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 104 என்றோ 172 என்றோ தொடங்கும் எண்கள் இரண்டு வந்தால், அவை பெரும்பாலும் கிளவுட்ஃபிளேரின் முகவரிகள். அந்த ப்ராக்ஸி வலைத்தளப் போக்குவரத்தை மட்டுமே கடத்தும். கேம் போக்குவரத்தைக் கடத்த ஸ்பெக்ட்ரம் என்ற தனிக் கட்டணச் சேவை தேவை. ஆகவே மேகத்தைச் சொடுக்கிச் சாம்பல் நிறமாக்குங்கள். அப்படிச் செய்தபின் உங்கள் வீட்டு ஐபி பெயரைத் தேடுகிற எவருக்கும் தெரியும் என்பதை அறிந்தே செய்யுங்கள். இதுவரை வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் தெரிந்த எண் அது.

இரண்டாவது, உங்கள் வீட்டுக்குள் இணையாதது. உள்ளிருந்து கிளம்பி, வெளி முகவரியைத் தொட்டு, மறுபடி உள்ளே திரும்பும் போக்குவரத்தைப் பல வீட்டு ரூட்டர்கள் கையாளுவதில்லை. நாட் லூப்பேக் என்று சில ரூட்டர்களில் ஒரு தெரிவு இருக்கும், இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால், பை-ஹோல் போன்ற உள் டிஎன்எஸ் ஒன்றை வைத்து, அதே பெயருக்கு வீட்டுக்குள் மட்டும் 192.168.1.50 என்று விடை சொல்ல வைக்கலாம். எதுவும் வேண்டாமென்றால் உள் முகவரியையே பயன்படுத்துங்கள், அதில் குறைவொன்றுமில்லை. ஆனால் பெயர் வேலை செய்கிறதா என்ற சோதனையை வீட்டு வைஃபையில் ஒருபோதும் செய்யாதீர்கள். கைபேசியின் மொபைல் டேட்டாவை மடிக்கணினிக்குப் பகிர்ந்து, அதன் வழியே சோதியுங்கள். சரியாக அமைத்த சர்வரை, உள்ளேயிருந்து சோதித்ததால் மட்டும், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கலைத்துப் போட்டவன் நான்.

மூன்றாவது, ஐபி மாறுவது. இதற்கு எல்லாப் பதிவுகளிலும் எண்ணை எழுதாதீர்கள். வீடு.களம்.இன் என்று ஒரே ஓர் ஏ பதிவு வைத்து, அதில் மட்டும் எண் இருக்கட்டும். டிடிகிளையன்ட் என்ற சிறு நிரலை டெபியனில் நிறுவினால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளி முகவரியைப் பார்த்து, மாறியிருந்தால் கிளவுட்ஃபிளேரில் அதைத் திருத்திவிடும். இதற்குக் கொடுக்கும் ஏபிஐ டோக்கன் என்ற அனுமதிக் குறியீட்டுக்கு அந்த ஒரு டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளைத் திருத்தும் உரிமை மட்டும் போதும். முழுக் கணக்குக்குமான திறவுகோலை அங்கே வைக்காதீர்கள். விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பை 60 அல்லது 300 விநாடி என்று வையுங்கள். இது ஒரு நாள் என்றிருந்தால் முகவரி மாறிய பிறகும் பழைய எண்ணையே நண்பர்களின் கணினி பிடித்துக்கொண்டிருக்கும். மற்ற பெயர்களை வீடு.களம்.இன் என்பதைச் சுட்டும் மாற்றுப்பெயர்களாக, அதாவது சிநேம் பதிவுகளாக அமைத்தால், எண் மாறும்போது ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

கடைசியாக, நீங்கள் உண்மையில் விரும்பிக் கேட்டது: போர்ட் இல்லாத பெயர். இதற்கென்றே எஸ்ஆர்வி பதிவு இருக்கிறது. அதை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2782 என்ற இணையத் தர ஆவணம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. ஏ பதிவைப் போலன்றி, இது இலக்குப் பெயரோடு போர்ட் எண்ணையும் சொல்லும். பதிவின் பெயரில் முதலில் அடிக்கோட்டுடன் மைன்கிராஃப்ட், அடுத்துப் புள்ளி வைத்து அடிக்கோட்டுடன் டிசிபி (தரவை அனுப்பும் முறைகளில் ஒன்று; மற்றொன்று யுடிபி), அதன் பின் கிரியேட்டிவ்.களம்.இன் என்று வர வேண்டும். முன்னுரிமை 0, எடை 5, போர்ட் 25566, இலக்கு வீடு.களம்.இன். இங்கே எல்லாவற்றையும் தமிழெழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். இலக்கு என்ற கட்டத்தில் ஐபி எண்ணை எழுதக் கூடாது. அங்கே எழுதும் பெயர் சிநேமாக இருப்பதும் அந்த ஆவணத்தின்படி தவறு. நேராக ஏ பதிவு உள்ள பெயராகவே இருக்க வேண்டும். வீடு.களம்.இன் என்பதை ஏ பதிவாக வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜாவா பதிப்பு இந்தப் பதிவைத் தானே தேடிப் படிக்கும். ஆனால் விளையாடுபவர் பெயருக்குப் பின்னால் வேறு போர்ட் எண்ணைத் தட்டினால் அதைத் தேடாது. பெட்ராக் பதிப்பு இதைப் படிப்பதே இல்லை. கைபேசிப் பிள்ளைகளுக்குப் பெயரைக் கொடுத்து, போர்ட் கட்டத்தில் இருக்கும் 19132 என்ற எண்ணைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். ரூட்டரில் அந்த எண் டிசிபியில் அல்லாமல் யுடிபியில் திறந்திருக்க வேண்டும். வால்ஹைமுக்குப் பெயரும் முக்காற்புள்ளியும் 2456ம் சேர்த்தே தட்ட வேண்டும். அதற்கு ரூட்டரில் 2456, 2457 இரண்டையும் யுடிபியாகத் திறந்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

மிக்க நன்றி. மேகம் ஆரஞ்சு நிறத்தில்தான் இருந்தது. சாம்பலாக்கிய இரண்டே நிமிடத்தில் நண்பர் பெயரைப் போட்டு சர்வைவலுக்குள் வந்துவிட்டார்.

கிரியேட்டிவில் மட்டும் வேடிக்கையான ஒரு கோளாறு. எஸ்ஆர்வி பதிவையும், அதே பெயருக்கு ஒரு சிநேம் பதிவையும் அமைத்தபின், அத்தை மகன் கிரியேட்டிவ்.களம்.இன் என்று போட்டு உள்ளே நுழைந்தான். நுழைந்தவன், பறக்கலாம் என்ற நம்பிக்கையில், நான் மூன்று வாரமாகக் கட்டிய கோபுரத்தின் உச்சியிலிருந்து குதித்து இறந்துபோனான். அவன் வந்திறங்கியது சர்வைவல் உலகம்! கையிலிருந்த வைரக் கருவிகள் எல்லாம் எரிமலைக் குழம்பில் விழுந்துவிட்டன என்று இன்னும் என்னோடு பேசாமல் இருக்கிறான். பெயர் கிரியேட்டிவ், போய்ச் சேர்ந்த இடம் சர்வைவல். இது எப்படி நடக்கும்?

கம்பிவலை எழுதியது:

உங்கள் எஸ்ஆர்வி பதிவு அவன் கணினிக்குக் கிடைக்கவில்லை. அது கிடைக்காதபோது மைன்கிராஃப்ட் எந்த எச்சரிக்கையும் தராமல், பெயருக்குரிய ஐபியை எடுத்துக்கொண்டு, வழக்கமான 25565 போர்ட்டுக்குச் சென்றுவிடும். அந்தப் போர்ட்டில் உங்கள் வீட்டில் இருப்பது சர்வைவல். சிநேம் மட்டும் இல்லாதிருந்தால் பெயரே தெரியவில்லை என்ற பிழை வந்திருக்கும், உயிரும் மிஞ்சியிருக்கும். இந்தக் காரணத்துக்காகவே, எஸ்ஆர்வி வைத்திருக்கும் பெயர்களுக்கு நான் வேண்டுமென்றே ஏ பதிவோ சிநேம் பதிவோ வைப்பதில்லை. ஜாவா பதிப்புக்கு எஸ்ஆர்வி மட்டுமே போதும்.

என்எஸ்லுக்அப் கட்டளையில் வகையை எஸ்ஆர்வி என்று குறித்து, அடிக்கோடுகளோடு முழுப் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். விடையில் 25566 வராவிட்டால் பதிவின் பெயரில்தான் பிழை. திருத்தியபின் உடனே சரியாகவில்லையென்று பதற வேண்டாம். ஒரு பெயர் இல்லை என்ற விடையையும் இடையிலுள்ள டிஎன்எஸ் சர்வர்கள் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். பதிவை உருவாக்கும் முன்பே ஆர்வத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

மொட்டைமாடி எழுதியது:

பிழை அகப்பட்டது. வால்ஹைமுக்காக யுடிபி, யுடிபி என்று ரூட்டரில் எழுதிவிட்டு வந்த கையோடு, எஸ்ஆர்வி பெயரிலும் டிசிபிக்குப் பதிலாக யுடிபி என்றே எழுதியிருக்கிறேன். திருத்திவிட்டேன், சிநேமையும் நீக்கிவிட்டேன். டிடிகிளையன்டை இன்றிரவு அமைக்கப்போகிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

இதே உரையாடலில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கம்பிவலை ஐயா சொன்ன ஒவ்வொரு படியையும் வரிசையாகச் செய்துவிட்டேன். மேகம் சாம்பல்தான், எஸ்ஆர்வி விடையும் சரியாக வருகிறது, ரூட்டரில் போர்ட்டும் திறந்திருக்கிறது. ஆனாலும் எனக்கு வெளியிலிருந்து ஐபி எண்ணைப் போட்டாலும் எவராலும் இணைய முடியவில்லை. ரூட்டரின் வெளி முகவரி 100.72 என்று தொடங்குகிறது. இணையத்தில் என் ஐபி என்னவென்று காட்டும் பக்கத்தில் பார்த்தால் முற்றிலும் வேறொரு எண் வருகிறது. ஏ பதிவில் எதை எழுதுவது?

இரவுப்பணி எழுதியது:

இரண்டில் எதை எழுதினாலும் பயனில்லை, நண்பரே. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கிடையே ஒரு பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக 2012இல் ஆர்எஃப்சி 6598 வழியாக ஒதுக்கப்பட்டவை. இந்த ஏற்பாட்டுக்கு சிஜிநாட் என்று பெயர். இணையப் பக்கம் காட்டும் அந்த வேறு எண் உங்களுக்கும் உங்களைப் போன்ற பலருக்கும் பொதுவானது. அங்கே வந்து நிற்கும் விருந்தாளியை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. உங்கள் ரூட்டரில் போர்ட்டைத் திறப்பது, பூட்டிய அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் வீட்டுக் கதவை மட்டும் திறந்து வைப்பது போன்றது.

முதலில் உங்கள் இணைய நிறுவனத்தை அழைத்து நிலையான பொது ஐபி கிடைக்குமா, மாதத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்கும் தருகின்றன. சில வணிக இணைப்புக்கு மட்டும் தருகின்றன. கிடைத்தால் மேலே சொன்ன அனைத்தும் அப்படியே பொருந்தும், டிடிகிளையன்ட்கூட வேண்டியதில்லை.

கிடைக்காவிட்டால் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருக்கிறதா என்று பாருங்கள். சிஜிநாட் என்பது பழைய ஐபிவி4 முகவரிகளின் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு. ஐபிவி6இல் உங்கள் கணினிக்கே நேரடியான பொது முகவரி கிடைக்கும். அதை ஏஏஏஏ பதிவில் எழுத வேண்டும். அங்கே போர்ட் ஃபார்வர்டிங் என்ற பேச்சில்லை. ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்தக் கணினிக்கும் அந்தப் போர்ட்டுக்கும் அனுமதி தந்தால் போதும். ஒரு குறை, இணைபவர் பக்கமும் ஐபிவி6 இருக்க வேண்டும். குழுவில் ஒருவருக்கு இல்லாவிட்டாலும் அவர் வெளியே நிற்பார்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. சிறிய விபிஎஸ் (தரவு மையத்திலுள்ள மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதற்கும் வீட்டுக் கணினிக்கும் இடையே வயர்கார்டு என்ற நிரலால் மறையாக்கச் சுரங்கம் அமைத்திருக்கிறேன். டொமைனின் ஏ பதிவு விபிஎஸ்ஸின் முகவரியைச் சுட்டும். அங்கே வரும் போக்குவரத்து சுரங்கம் வழியாக வீட்டுக்கு வரும். சிஜிநாட்டுக்குப் பின்னாலிருப்பவரை வெளியிலிருந்து அழைக்க முடியாது என்பதால், இணைப்பை வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். அது உறங்கிவிடாமலிருக்க பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் மதிப்பை 25 விநாடி என்று வைக்க வேண்டும். விபிஎஸ்ஸை மும்பை, பெங்களூரு போன்ற அருகிலுள்ள தரவு மையத்தில் எடுங்கள். விலை குறைவென்று ஐரோப்பாவில் எடுத்தால், பக்கத்துத் தெருவில் இருக்கும் நண்பரின் ஒவ்வோர் அசைவும் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும். வீட்டு ஐபி எவருக்கும் தெரியாமலிருப்பது கூடுதல் வசதி.

இதில் நான் பட்ட பாடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விபிஎஸ்ஸில் முகவரியை மாற்றியனுப்பும் மாஸ்கரேட் விதியைப் போட்டிருந்ததால், வருபவர் எல்லாரும் சுரங்கத்தின் ஒரே முகவரியிலிருந்து வருவதாக என் சர்வர் கண்டது. தொல்லை கொடுத்த ஒருவனை ஐபி வழியே தடை செய்தேன். அடுத்த நொடியிலிருந்து எங்கள் குழுவில் ஒருவராலும் நுழைய முடியவில்லை. தடை செய்வதானால் பயனர் பெயரைத் தடை செய்யுங்கள்.

வேலைக்குப்பின் எழுதியது:

மொட்டைமாடி அவர்களுக்கு மாற்று வழியொன்று. ஜாவா பதிப்பு இணையும்போது அனுப்பும் முதல் பொட்டலத்திலேயே விளையாடுபவர் தட்டிய பெயரும் இருக்கும். வெலாசிட்டி போன்ற ப்ராக்ஸி ஒன்றை 25565இல் நிறுத்தினால், அது அந்தப் பெயரைப் பார்த்து, கிரியேட்டிவ் என்று கேட்டவரை ஓர் உலகத்துக்கும் சர்வைவல் என்று கேட்டவரை மற்றொன்றுக்கும் அனுப்பும். ரூட்டரில் ஒரே போர்ட், எஸ்ஆர்வி பதிவே தேவையில்லை. ஆனால் இதில், பின்னாலிருக்கும் இரண்டு சர்வர்களிலும் கணக்குச் சரிபார்ப்பை நிறுத்தி, அந்த வேலையை வெலாசிட்டியிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அவை 127.0.0.1 முகவரியில் (அதே கணினிக்குள் மட்டும் செல்லும் முகவரி) மட்டுமே கேட்கும்படி அமைக்கவும், ரகசியச் சொல்லைப் போடவும் மறந்தால், எவரும் உங்கள் பெயரிலேயே உள்ளே வந்து நிர்வாகியாக நிற்கலாம். இரண்டே உலகங்கள் என்றால் எஸ்ஆர்வியோடு நிறுத்திக்கொள்வதே என் கட்சி.

வீட்டு ஐபியை வெளியே காட்டுவதால் இன்னொன்று. 25565 போர்ட்டைத் தேடி இணையம் முழுவதும் துழாவும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. பெயரை எவருக்கும் சொல்லாவிட்டாலும் அவை வரும். அனுமதித்த பெயர்களை மட்டும் உள்ளே விடும் ஒயிட்லிஸ்ட்டை இயக்கி வையுங்கள். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும், 25575இல் இருக்கும் ஆர்கான் போர்ட்டை ரூட்டரில் திறக்கவே திறக்காதீர்கள். 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையில், மைன்கிராஃப்ட் அரட்டைப் பெட்டியில் ஒரு வரியைத் தட்டியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது, 1.18.1இல்தான் அதை அடைத்தார்கள். பழைய பதிப்புதான் பிடிக்கும் என்று எவராவது ஓட்டுவதாக இருந்தால், அதற்கான திருத்தத்தைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று எவரும் இதுவரை கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். .இந்தியா, .இலங்கை என்ற முடிவுகளோடு தமிழெழுத்து டொமைன்கள் உண்டு. டிஎன்எஸ்ஸுக்குள் அவை எக்ஸ், என், இரண்டு இடைக்கோடுகள் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் இருக்கும். எல்லா விளையாட்டுகளின் முகவரிக் கட்டமும் தமிழைத் தானே அப்படி மாற்றிக்கொள்ளும் என்று நம்பிவிடாமல், அந்தக் கோவையையும் நண்பர்களுக்குக் கொடுத்து வையுங்கள். அழகுக்கு வாங்கலாம், அவசரத்துக்கு உதவாது என்பது என் எண்ணம்.

மொட்டைமாடி எழுதியது:

டிடிகிளையன்ட் அமைத்தாயிற்று. மின்வெட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாததால் ரூட்டரின் செருகியை நானே பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து மாட்டினேன். வெளி ஐபியின் கடைசி இரண்டு எண்களும் மாறிவிட்டன. மொபைல் டேட்டாவில் என்எஸ்லுக்அப்பைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். பழைய எண்ணே வந்துகொண்டிருந்தது. ஆறாவது நிமிடத்தில் புதிய எண் வந்தது. கிரியேட்டிவ் பெயரைப் போட்டால் இப்போது கிரியேட்டிவுக்கே போகிறது. ஒயிட்லிஸ்ட்டும் இயக்கியாயிற்று. வால்ஹைமில் 2457 திறக்காமல் இருந்தது, அதையும் திறந்தேன். சனிக்கிழமை இரவு சோதித்துவிட்டு எழுதுகிறேன்.

அத்தை மகனுக்கு வைரக் கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபுரத்தின் உச்சியில் கைப்பிடிச் சுவர் கட்டினால்தான் வருவானாம்.